பத்தரை மணிக் கையெழுத்து

“குருசாமி இல்லைங்க, குருவையா” என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கவே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பச்சைத் துண்டுக்காரர் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்: சௌந்தரபாண்டி, வயசு நாப்பத்தாறு, தகப்பனார் பேரு குருசாமி, மைக்செட் தொழில், எனக்குப் பெரியம்மா மகன் முறை. தப்பாகச் சொல்கிறாரே என்று காது பொறுக்கவில்லை, வாய் திறந்துவிட்டது. அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்து, “குருவையாவா? சரிங்கம்மா” என்று மறுபடி மூடிக்கொண்டார். இந்த மனிதருக்கு மூவாயிரம் ரூபாய். சௌந்தரபாண்டியை இவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. பார்க்காத ஆளைப் பெரியம்மா மகன் என்று சொல்வதற்குக் கூலி. அந்தப் பெரியம்மா மகனோடு ஏழு வருடம் குடும்பம் நடத்தி, அதன் பிறகு ஆறு வருடம் வழக்கு நடத்தி, ‘இனி உங்களுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை’ என்று கோர்ட்டு எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பீரோவில் வைத்திருக்கிற நான், அதே ஆளுடைய ஜாமீனுக்காக, இந்த வராந்தா பெஞ்சில், பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. மணி பத்து ஐம்பது. சுவரெல்லாம் கைநாட்டு வைத்தவர்கள் தேய்த்துவிட்டுப் போன மைக்கறை. எதிரே ஒரு போலீஸ்காரர் நின்றபடியே தூங்குகிறார். இந்தப் பக்கம் என் மகள் மிருதுளா, போன மாதம்தான் பதினெட்டு முடிந்தது, மடியில் பிளாஸ்டிக் உறையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். உறைக்குள் ஆதார், ரேஷன் கார்டு, இரண்டு போட்டோ, வீட்டுவரி ரசீது. அவள்தான் முதல் ஜாமீன்தாரர். அப்பனுக்கு மகள் ஜாமீன்.

செய்த காரியத்தைப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார். எதிரே பள்ளிக்கூடத்தில் அரசாங்க வேலைக்கான தேர்வு நடக்கிறது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஊர் வி.ஏ.ஓ. வந்திருக்கிறார். குறைத்துத் தொலைக்க வேண்டியதுதானே? திருகுகிற குமிழ் ஒன்று. அதை இடப்பக்கம் திருகினால் முடிந்தது. இவர் வலப்பக்கம் திருகினார். வி.ஏ.ஓ. கோபத்தில் வயரைப் பிடுங்க, இவர் வி.ஏ.ஓ.வின் சட்டையைப் பிடிக்க, அந்த ஆள் ஸ்பீக்கர் பெட்டி மேல் விழுந்து கண்ணாடி உடைந்தது. அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்த குற்றம். பன்னிரண்டு நாளாக சப் ஜெயிலில். ஜாமீன் கொடுத்துவிட்டார்கள், ஆனால் இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், தலைக்குப் பத்தாயிரம், ஒருவர் இரத்த சம்பந்தம், இன்னொருவர் அந்தக் குடும்பத்தில் சேராத வெளியாள், ஒன்றுவிட்ட முறை ஆனாலும் சரி, வெளியே வந்தபின் மறு உத்தரவு வரைக்கும் தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. சரி, ஊரில் இத்தனை அண்ணன் தம்பி சித்தப்பா மக்கள் இருக்கிறார்களே, யாராவது வந்து நின்றால் என்ன? நிற்கலாம். ஆனால் நிலம் வீடு காட்டி ஜாமீன் போட வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும். இவர் கீழே தள்ளியதே அந்த வி.ஏ.ஓ.வை. கண்ணாடி உடைந்து, பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் போய், ‘உங்களைத் தள்ளினவருக்கு ஜாமீன், ஒரு கையெழுத்துப் போடுங்க’ என்று யார் கேட்பார்கள்? ஒருத்தரும் போகவில்லை. அடிக்கிறதுக்கு அந்த ஊரில் வேறு ஆளா இல்லை. கடைசியில் வக்கீல் குமாஸ்தா தங்கமாரியப்பன் எப்படியோ என் நம்பரைக் கண்டுபிடித்து, “அம்மா, உங்க பாப்பாவுக்குப் பதினெட்டு ஆயிருச்சாமே, வீடு பாப்பா பேருலதானே இருக்கு, அது டவுன் வீடு, வரி ரசீதே போதும்மா” என்றார். அந்த வீடு யார் மூலமாக யார் பேருக்கு வந்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் முடியாது என்று சொல்லி ஃபோனை வைத்தேன். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மிருதுளா, “நான் போடறேன்மா” என்றாள்.

அந்தக் குமாஸ்தாவிடம் காலையில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கேட்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. பள்ளிக்கூட ஆபீசில் பத்தொன்பது வருடம் காகிதத்தோடு மல்லுக்கட்டியவள். “இப்ப பணம் கட்டணுமா?” “ஒரு பைசா வேண்டாம்மா. பத்தாயிரத்துக்கு நான் பொறுப்புன்னு எழுதிக் குடுக்கிறோம், அவ்வளவுதான்.” “அப்ப எதுக்கு நாலாயிரத்து எழுநூறு கேக்கறீங்க?” “அது வேறம்மா. அது செலவு.” “என்ன செலவு?” விரலை மடக்கினார்: உத்தரவு நகல், ஸ்டாம்பு, டைப்பிங், போட்டோ, வெளியாள் ஜாமீனுக்கு மூவாயிரம், அப்புறம் அங்கே இங்கே. அங்கே இங்கே என்றால் எங்கே என்றேன். சிரித்தார். இவர்கள் எல்லோரும் இப்படித்தான் சிரிக்கிறார்கள். “அவர் வாய்தாவுக்கு ஒழுங்கா வந்துட்டா?” “உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா. கேஸ் முடிஞ்சதும் ஜாமீனும் முடிஞ்சுது.” “வரலைன்னா?” “வாரண்ட் போடுவாங்க. உங்களுக்கு நோட்டீஸ் வரும். ஆளைக் கொண்டாந்து நிறுத்தணும், இல்லைன்னா பத்தாயிரத்தைக் கட்டணும். கட்டலைன்னா ஜப்தி அது இதுன்னு போகும், அவ்வளவு தூரம் போகாதும்மா.” போகாது. சௌந்தரபாண்டியைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? “ரசீது திருப்பித் தருவாங்கல்ல?” “தருவாங்கம்மா. பின்னாடி ஒரு சீல் மட்டும் அடிச்சிருப்பாங்க, ஜாமீன் குடுத்தாச்சுன்னு.” சீல் மட்டும். அந்த ரசீதில் என் மகள் பெயர் அச்சாகி வருவதற்கு நான் நகராட்சி ஆபீசுக்கு நடந்த நடை எனக்குத்தான் தெரியும். போன மாதம் பதினெட்டு முடிந்த வாரம் போய், காப்பாளர் என்ற இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டு, அவள் பெயர் மட்டும் தனியாக வரும்படி மாற்றி வாங்கினேன். வாங்கிய அன்று அந்தக் காகிதத்தை முகர்ந்துகூடப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி. அந்த ரசீதுக்குக் கிடைத்த முதல் உபயோகம் இது.

பச்சைத் துண்டுக்காரர் இப்போது வேறு எதையோ முணுமுணுக்கிறார். இன்னொரு கேஸுக்கும் இவர்தான் போலிருக்கிறது, வேறொரு குமாஸ்தா வந்து காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். முத்துராக்கு, தகப்பனார் பேரு சோலை, செங்கல் சூளை, எனக்கு மாமன் மகன். ஒரே காலையில் எத்தனை உறவு. எனக்கு ஒரு உறவை முறிக்க ஆறு வருடம் ஆனது. நாற்பத்தொரு வாய்தா. பழைய டைரி ஒன்றில் தேதி எழுதி, அவர் வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பார்த்து வந்த புத்தி. ஆறு கோடு, முப்பத்தைந்து பெருக்கல் குறி. ஏன் விவாகரத்து கேட்கிறீர்கள் என்று முதல் நாள் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடித்தாரா? இல்லை. குடியா? இல்லை. வேறு பெண்? அதெல்லாம் இல்லை. பின்னே? வரமாட்டார். அதுதான் காரணம். சாப்பிட வரமாட்டார், மருத்துவமனைக்கு வரமாட்டார், வாடகை கொடுக்கிற அன்று வரமாட்டார். மிருதுளா பிறந்தபோது ஏதோ கோயில் கொடைக்குச் செட் கட்டப் போனவர், மூன்றாம் நாள் வந்தார். அதுவரை ஒவ்வொரு மணி நேரமும் ஃபோனில் ஒரே வாக்கியம்: “வந்துக்கிட்டே இருக்கேன் வசு, பஸ் ஏறிட்டேன்.” மூன்று நாள் ஓடுகிற பஸ் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? இதை எப்படி மனுவில் எழுதுவது என்று வக்கீலுக்கும் தெரியவில்லை, கொடுமை என்று எழுதிவிட்டார். படித்தபோது எனக்கே யாரோ ஒருத்தருடைய கதை மாதிரி இருந்தது. வழக்கு எப்போது முடியும் என்று அந்தக் கோர்ட்டு குமாஸ்தாவிடம் ஒவ்வொரு முறையும் கேட்பேன். “அவர் ஒழுங்கா வந்தா சீக்கிரம் முடிஞ்சிரும்மா” என்பார். அவர் ஒழுங்காக வருகிற ஆளாக இருந்தால் நான் ஏன் அங்கே வரப்போகிறேன்? கடைசி வாய்தாவுக்கு வந்தார். இரண்டு மணி நேரம் தாமதம். வீட்டைப் பிள்ளை பேருக்கு எழுதச் சம்மதமா என்று கேட்டதும், சம்மதம் என்று ஒரே வார்த்தை. பேரம் இல்லை, முகத்தில் வருத்தம்கூட இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு, “செட் ஏத்தணும், வண்டி நிக்குது” என்று போய்விட்டார். அதற்கும் எரிச்சல்தான். சண்டையாவது போட்டிருக்கலாம்.

வெயில் வராந்தாவின் பாதிவரை வந்துவிட்டது. காலை மடக்கிக்கொண்டேன். இந்நேரம் ஆபீசில் சேர்க்கைக்கு வந்த கூட்டம் என் ஜன்னலில் நிற்கும். பள்ளி திறந்திருக்கிற மாதங்களில் காலை ஒன்பதரைக்கு வராத பிள்ளைகளின் பட்டியல் என் மேசைக்கு வரும், பத்து மணிக்குள் அத்தனை வீட்டுக்கும் ‘உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை’ என்று செய்தி அனுப்ப வேண்டும். வராதவர்களைத் தேடுவதுதான் எனக்குச் சம்பளம் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். மிருதுளா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நீ குடி என்றேன். அவள் செவ்வாய்க்கிழமை ஜெயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், நான் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றேன். அப்பா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல் இல்லை. ‘அவர்’ என்போம், அதுவும் தேவைப்பட்டால். அவளாகவே ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள்: “ஜாமீனைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலம்மா. ரிசல்ட் என்னாச்சுன்னாரு. ஐநூத்தி நாப்பத்தி மூணுன்னேன். வார்டருக்குக்கூட நான் பிளஸ் டூ எழுதினது தெரிஞ்சிருக்கு, இவருதான் ரெண்டு நாளா எல்லாரையும் கேட்டுக்கிட்டு இருந்தாராம். அழுதுட்டாரும்மா.” அழுதாராம். ஐநூற்று நாற்பத்து மூன்றுக்குப் பின்னால் எத்தனை டியூஷன், எத்தனை காய்ச்சல், எத்தனை சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தது, அதற்கெல்லாம் வராதவர் மார்க்குக்கு அழுதிருக்கிறார். எனக்கு அந்த நேரம் தட்டை எடுத்து வீச வேண்டும்போல் இருந்தது. ஆனால் மிருதுளாவின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனேன். அது என் முகம். இருபது வருடத்துக்கு முந்தைய என் முகம். இந்தத் தடவை நிச்சயம் வந்துவிடுவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த முகம்.

“மிருதுளா, சௌந்தரபாண்டி ஜாமீன்!” டவாலி கூப்பிட்டார். வக்கீல் ஜெபராஜ் எங்கிருந்தோ கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார். நான் கடைசி வரிசையில், மின்விசிறி எட்டாத மூலையில் நின்றேன். மாஜிஸ்திரேட் அம்மா என்னைவிட வயதில் சின்னவர், முப்பத்தைந்துகூட இருக்காது. ஜலதோஷம் போல, மூக்கைத் துடைத்துக்கொண்டே ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னம்மா படிக்கிறே?” “பிளஸ் டூ முடிச்சிருக்கேன் மேடம். காலேஜ் சேரப் போறேன்.” “யாருக்கு ஜாமீன் போடறே, என்ன உறவு?” ‘அவர்’ என்று சொல்லிவிடுவாளோ, வீட்டுப் பழக்கத்தில் நாக்கு குளறிவிடுமோ என்று எனக்கு ஒரு அபத்தமான பயம். “எங்க அப்பா மேடம்” என்றாள். தடங்கலே இல்லை. தினமும் சொல்லிப் பழகிய சொல்லைப் போலச் சொன்னாள். எங்கே வைத்திருந்தாள் இத்தனை வருடம்? “வாய்தாவுக்கு வரலைன்னா உன் பேருக்குத்தான் நோட்டீஸ் வரும். தெரியுமா?” “தெரியும் மேடம்.” “யோசிச்சுத்தான் போடறியா?” “ஆமா மேடம்.” மாஜிஸ்திரேட் அம்மா தலையை நிமிர்த்தி அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சீல் விழுந்த சத்தம் மூலைவரை கேட்டது.

அடுத்து பச்சைத் துண்டுக்காரர். கூண்டு ஏறிய விதத்திலேயே பழக்கம் தெரிந்தது, கையைக் கட்டவேண்டிய இடத்தில் கட்டி, தலையைக் குனிய வேண்டிய அளவுக்குக் குனிந்தார். மாஜிஸ்திரேட் அம்மா காகிதத்தைப் பார்த்தபடியே, “எதிரிக்கு நீங்க என்ன வேணும்?” என்றார். கோர்ட்டுப் பேச்சில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். “மாமன் மகன் முறைங்கம்மா.” நான் பல்லைக் கடித்தேன். ஐயா, பெரியம்மா மகன், பெரியம்மா மகன். “அவரு அப்பா பேரு?” “சோலைங்க.” “என்ன தொழில்?” “செங்கல் சூளைங்கம்மா.” ஜெபராஜ் இருமினார். குமாஸ்தா தங்கமாரியப்பன் கைக்குட்டையால் முகத்தைத் துடைக்கிற மாதிரி வாயைக் காட்டி ஏதோ சைகை செய்தார். மாஜிஸ்திரேட் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். “மைக்செட்டுன்னு போட்டிருக்கு.” பச்சைத் துண்டுக்காரர் கொஞ்சமும் அசராமல், “சூளையிலயும் மைக்செட் கட்டுவாருங்கம்மா” என்றார். பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், அந்த மூவாயிரத்தில் ஆயிரத்தைந்நூறு அட்வான்ஸாக என் பையிலிருந்து போகாமல் இருந்திருந்தால். “இந்த மாசம் உங்களை எத்தனையாவது தடவை பார்க்கிறேன்? இனி இந்தப் படி ஏறினா நீங்க வேற பக்கம் நிக்க வேண்டியிருக்கும். போங்க.” ஜெபராஜிடம், “கவுன்சல், வேற ஆள் இருந்தா ஒரு மணிக்குள்ள கொண்டு வாங்க. இல்லைன்னா செவ்வாய்க்கிழமை” என்றார். நாளை சனி, மறுநாள் ஞாயிறு, திங்கள் அரசு விடுமுறை. பச்சைத் துண்டுக்காரர் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, “ரெண்டு கேஸ் குடுத்தா இப்படித்தாம்மா ஆகும்” என்று என்னிடமே குறைபட்டுவிட்டுப் போனார். நான்தான் அவருக்குத் திருத்திச் சொன்னேன், குருவையா, குருவையா என்று. அட்வான்ஸ் திரும்ப வராதாம்.

பன்னிரண்டு இருபது. ஜெபராஜ் இரண்டு மூன்று பேருக்கு ஃபோன் செய்தார். ஒருத்தர் சிவகாசியில், ஒருத்தர் எடுக்கவில்லை. அப்போதுதான் அந்தக் குமாஸ்தாவின் கண் என் கழுத்துக்கு வந்தது. கழுத்தில் பள்ளிக்கூட அடையாள அட்டை. அவசரத்தில் கழற்ற மறந்துவிட்டேன். “அம்மா, நீங்க எய்டட் ஸ்கூல்தானே? சம்பளச் சான்று இருக்கா?” இருந்தது. சனியன், பையிலேயே இருந்தது. மிருதுளாவின் கல்லூரி சேர்க்கைக்கு என்று நேற்றுதான் தாளாளரிடம் வாங்கி வைத்திருந்தேன். ஜெபராஜின் முகம் மலர்ந்தது. “வெளியாள் ஒருத்தர் வேணும், அவ்வளவுதானே மேடம். நீங்க இப்ப அவருக்கு ஒண்ணும் கிடையாதே. விவாகரத்து டிக்ரி ஆயிருச்சே. சட்டப்படி நீங்க வெளியாள்தான்.” அந்த வெளியாள் ஆவதற்கு நாற்பத்தொரு நாள் நான் வந்து நின்றேன். லீவு போய், சம்பளம் போய், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு, பாடுபட்டு வெளியாள் ஆனேன். ஆனதற்குக் கிடைத்த பலன், அவருக்கு ஜாமீன் நிற்கிற தகுதி. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மிருதுளா, “வேண்டாம் சார். அம்மா போட வேண்டாம். செவ்வாய்க்கிழமை வேற ஆள் பார்த்துக்கலாம்” என்றாள். என்னிடம் திரும்பி, “நீ ஸ்கூலுக்குப் போம்மா. நான் பார்த்துக்கறேன்” என்றாள். நான் பார்த்துக்கறேன். இந்தப் பதினெட்டு வயது எதைப் பார்த்துக்கொள்ளும்? ரசீதில் சீல் விழுந்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை எவனோ ஒரு பச்சைத் துண்டு வந்து சரியாகப் பாடம் ஒப்பித்துவிட்டுப் போவான், அவனைத் தேடி நோட்டீஸ் போனால் விலாசத்தில் ஆளே இருக்கமாட்டான். மிச்சம் இருப்பது இவள் ஒருத்தி. தினமும் பத்தரைக்கு அவர் ஸ்டேஷனுக்குப் போனாரா என்று கல்லூரி வகுப்பிலிருந்து வெளியே வந்து ஃபோன் பண்ணப் போவது இவள். வாய்தா அன்று இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வாசலைப் பார்க்கப் போவது இவள். “வந்துக்கிட்டே இருக்கேன் பாப்பா” என்பதைக் கேட்டு நம்பப் போவது இவள். கோடும் பெருக்கல் குறியும் போட ஒரு டைரி இவளுக்கும் வேண்டியிருக்கும். குமாஸ்தா கணக்குச் சொன்னபோது நகல், ஸ்டாம்பு, டைப்பிங் என்று விரலை மடக்கினாரே, இதற்கு எந்த விரல்? பத்தாயிரம் போனால் போகிறது. அவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதிலேயே என் இருபதுகள் போயின, இவளுடையது இன்னும் தொடங்கவே இல்லை. “பேனா குடுங்க” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. “அம்மா...” என்றாள் மிருதுளா. “பேசாம இரு. உன்னாலதான் எல்லாம்” என்று அவள் மேல் பாய்ந்தேன். அவளால் ஒன்றுமே இல்லை என்பது எனக்கும் தெரியும்.

ஒன்று ஆவதற்கு ஆறு நிமிடம் இருந்தது. கூண்டில் ஏறியதும் கம்பியின் பிசுபிசுப்பு கையில் ஒட்டியது, எத்தனை பேர் பிடித்த கம்பியோ. மாஜிஸ்திரேட் அம்மா என் சான்றைப் படித்தார். “இதுக்கு முன்னாடி யாருக்காவது ஜாமீன் போட்டிருக்கீங்களா?” “இல்ல மேடம்.” “எதிரிக்கு என்ன உறவு?” “ஒரு உறவும் இல்ல மேடம்.” “அப்புறம் எப்படித் தெரியும்?” பின்னால் ஜெபராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. “முன்னாடி வீட்டுக்காரரா இருந்தார். கோர்ட்ல விவாகரத்து ஆயிருச்சு. ஏழு வருஷம் ஆச்சு.” மாஜிஸ்திரேட் அம்மா மூக்கைத் துடைப்பதை நிறுத்தினார். “அவரு அப்பா பேரு?” “குருவையா.” “பிறந்த தேதி?” சொன்னேன். கேட்கவே வேண்டியதில்லை, வலது முழங்கையில் ஆம்ப்ளிஃபயர் சுட்ட தழும்பு, பால் இல்லாத டீ, மழைக்காலத்தில் இடது காது கேட்காது, எல்லாம் சொல்லியிருப்பேன். ஒப்பிக்க வேண்டிய பாடம் எதுவும் எனக்கு இல்லை. “விவாகரத்து பண்ணிட்டு ஏம்மா இப்ப ஜாமீன் போடறீங்க?” “எம் பொண்ணு போட்டிருக்கா மேடம். தனியாப் போட்டிருக்கா.” அவர் மிருதுளா நின்ற பக்கம் பார்த்தார். பிறகு, எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான், என்னிடமும் கேட்டார்: “எதிரி ஒழுங்கா ஆஜராவாரா?” ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. காலையிலிருந்து எத்தனையோ பேர் ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. சத்தியமாகத் தெரிந்த ஒரு விஷயத்தை எப்படி மாற்றிச் சொல்வது? முப்பத்தைந்து பெருக்கல் குறி கண்முன்னால் நின்றது. இல்லை என்றும் சொல்ல முடியாது, சொன்னால் மிருதுளா செவ்வாய்க்கிழமை வரை சாப்பிடமாட்டாள். மாஜிஸ்திரேட் அம்மா மறுபடி கேட்டார், “கேக்கிறது புரியுதா? ஒழுங்கா வருவாரா?” “கூட்டிட்டு வந்துருவேன் மேடம்” என்றேன்.

இடது கட்டைவிரலை ஒரு பெண் ஊழியர் பிடித்து மையில் உருட்டிக் காகிதத்தில் உருட்டினார். துடைக்க ஒன்றும் தரவில்லை. வெளியே வந்து சுவரைப் பார்த்தேன், மனம் வரவில்லை, கைக்குட்டையிலேயே துடைத்தேன், கைக்குட்டை பாழ். ஜெபராஜ் விடுதலை உத்தரவை வாங்கிக்கொண்டு, “அஞ்சரைக்குள்ள ஜெயில்ல சேர்த்துருவோம் மேடம், இன்னைக்கே வந்துருவார்” என்று ஸ்கூட்டரை உதைத்தார். வந்துருவாராம். குமாஸ்தா என் சம்பளச் சான்றின் அசலைக் கட்டுக்குள் வைத்து நூல் போட்டுக்கொண்டிருந்தார். கல்லூரிக்கு இனி வேறு வாங்க வேண்டும், தாளாளர் ஏன் என்று கேட்பார், ஏதாவது சொல்ல வேண்டும். “இது எத்தனை நாளைக்கு?” என்றேன். “கேஸ் முடியறவரைக்கும்மா.” “கேஸ் எப்ப முடியும்?” நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “அவர் ஒழுங்கா வந்தா சீக்கிரம் முடிஞ்சிரும்மா” என்றார். நான் அவரையே பார்த்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம், சிரித்தார். மிருதுளா பக்கத்தில் வந்து, மை பட்ட என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரலிலும் மை. “தினமும் காலையில நான் அவருக்கு ஃபோன் பண்ணி ஞாபகப்படுத்தறேன்மா” என்றாள். “நீ காலேஜைப் பாரு” என்றேன். நாளைக் காலையிலிருந்து தொடங்க வேண்டும், பத்தரைக்குக் கையெழுத்து. ஃபோனை எடுத்து, ஏழு வருடமாகத் தடுத்து வைத்திருந்த நம்பரை விடுவித்தேன். பஸ் ஏறிட்டேன் என்றால் கண்டக்டரிடம் ஃபோனைக் கொடு என்று சொல்ல வேண்டும். அலாரம் எந்தெந்த நாள் என்று கேட்டது, ஏழு நாளையும் ஒவ்வொன்றாகத் தொட்டேன். எத்தனை மணிக்கு என்று கேட்டது. பத்தரைக்கு வந்து நிற்க வேண்டிய சௌந்தரபாண்டியை எப்போது எழுப்ப வேண்டும் என்பது அந்த மாஜிஸ்திரேட் அம்மாவுக்குத் தெரியாது, வக்கீலுக்குத் தெரியாது, பெற்ற மகளுக்கும் தெரியாது. ஆறேகாலுக்கு வைத்தேன்.